சர்க்கரையை உள்ளிழுப்பது வேறு, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது வேறு

நண்பர்களே, இது நீண்ட பதிவு. சினத்தோடு எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடந்த சில மாதங்களாக ஒரே செய்தி வெவ்வேறு தலைப்புகளில் என் கண்முன் வந்துகொண்டே இருக்கிறது. உடலில் ‘நல்ல கொழுப்பு’ ஒன்று உண்டு. அதன் நிறம் பழுப்பு. குளிர்ந்த நீரில் நின்றால் அது விழித்துக்கொள்ளும். விழித்துக்கொண்டால் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எரித்துத் தீர்த்துவிடும். காணொளி வணிகர்கள் இதைச் சொல்லியிருந்தால் கடந்து போயிருப்பேன். சொல்பவர்களில் முனைவர் பட்டம் பெற்றவர்களும், கல்லூரிகளில் பாடம் நடத்துபவர்களும், என்னைப் போன்ற ஆய்வு மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கட்டுரைகளின் அடியில் ‘அறிவியல் ஆய்வுகள் நிரூபித்துள்ளன’ என்ற வாக்கியம் முத்திரைபோல் குத்தப்பட்டிருக்கிறது.

மூன்று வாரங்களுக்கு முன் ஊரிலிருந்து பெரியப்பா அழைத்தார். பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவோடு வாழ்பவர். பாதங்களில் உணர்வு மங்கிவிட்டது. செருப்பு கழன்று விழுந்தாலும் சில நேரம் அவருக்குத் தெரிவதில்லை. ‘உங்கள மாதிரிப் படிச்சவங்க எழுதினதுதாம்பா. பத்து நாளா ஐஸ் தண்ணியில கால வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். மாத்திரையப் பாதியாக் குறைச்சுக்கலாம்ல?’ என்று கேட்டார். அவருக்கு வந்த கட்டுரையை அனுப்பச் சொல்லிப் படித்தேன். எழுதியவர் ஓர் உதவிப் பேராசிரியர். கட்டுரையில் பொய்யென்று சுட்டக்கூடிய தனித் தகவல் ஏறக்குறைய எதுவுமில்லை. ஆனால் கட்டுரை முழுவதும் பொய். அது எப்படி இயலும் என்பதே இந்தப் பதிவின் பொருள்.

மொழியியல் படித்தவருக்கு உடலியலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் விடை இதுதான்: இந்தத் தவறு ஆய்வகத்தில் பிறக்கவில்லை. ஆய்வேட்டிலிருந்து கட்டுரைக்கு வரும் வழியில், வினைச்சொற்களும் அடைமொழிகளும் மாறும் இடத்தில் பிறக்கிறது. அந்த இடம் என் துறைக்கு அயலானது அன்று.

முதலில் பொருளைப் பார்ப்போம். பழுப்புக் கொழுப்பைப் பற்றிய எழுத்துப் பதிவு பழையது. சுவிட்சர்லாந்தின் இயற்கையியலாளர் கொன்ராட் கெஸ்னர் 1551இல், குளிர்காலம் முழுவதும் உறங்கும் மார்மோட் என்னும் விலங்கின் முதுகில், கொழுப்பென்றும் சொல்ல முடியாத, தசையென்றும் சொல்ல முடியாத ஒன்றைக் குறித்துவைத்தார். நாம் ‘கொழுப்பு’ என்று பொதுவாகச் சொல்லும் வெள்ளைக் கொழுப்புச் செல்லில் ஒரே பெரிய கொழுப்புத் துளி இருக்கும். அதன் தொழில் சேமிப்பு. பழுப்புச் செல்லில் சிறு துளிகள் பல. அவற்றைச் சூழ்ந்து மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கமாக நிறைந்திருக்கும். அவற்றிலுள்ள இரும்புதான் அந்த நிறத்துக்குப் பெருங்காரணம்.

சாதாரணச் செல்லில், உணவிலிருந்து பெறும் ஆற்றலைக் கொண்டு மைட்டோகாண்ட்ரியா தன் உட்சவ்வின் ஒரு பக்கத்தில் புரோட்டான்களைத் தேக்குகிறது. அணையில் தேங்கிய நீர் சுழலியின் வழியே இறங்கி மின்சாரம் தருவதுபோல, அந்தப் புரோட்டான்கள் திரும்பி இறங்கும்போது ஏடிபி உருவாகிறது. பழுப்புச் செல்லில் யுசிபி1 என்னும் புரதம் ஒரு மதகைத் திறந்துவிடுகிறது. புரோட்டான்கள் சுழலியைத் தவிர்த்து அதன் வழியே இறங்குகின்றன. ஏடிபி இல்லை, ஆற்றல் வெப்பமாக வெளிப்படுகிறது. பிறந்த குழந்தை குளிரில் நன்றாக நடுங்க இயலாது. அதன் தோள்பட்டைகளுக்கிடையே உள்ள இந்தத் திசுதான் அதைச் சூடாக வைத்திருக்கிறது. ஆக, பழுப்புக் கொழுப்பின் தொழில் வெப்பம் தருவது. எரிபொருளாக அது பெரிதும் நம்புவது தன் துளிகளிலுள்ள கொழுப்பு அமிலங்களை. சர்க்கரை துணைப் பொருள்.

பிறகு சர்க்கரை எப்படிக் கதாநாயகனானது? கருவியின் வழியாக.

2009 ஏப்ரலில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் மூன்று ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன: பாஸ்டன், மாஸ்திரிக்ட், துர்க்கு ஆகிய நகரங்களின் குழுக்கள் எழுதியவை. வளர்ந்த மனிதரிடத்திலும் கழுத்து, காறையெலும்பின் மேற்பகுதி, முதுகெலும்பின் ஓரம் ஆகிய இடங்களில் செயல்படும் பழுப்புக் கொழுப்பு உண்டென்று அவை நிறுவின. பாஸ்டன் குழு 1,972 நோயாளிகளின் பழைய ஸ்கேன்களை ஆராய்ந்து, பெண்களில் 7.5 விழுக்காட்டினரிடமும் ஆண்களில் 3.1 விழுக்காட்டினரிடமும் அதைக் கண்டது. மாஸ்திரிக்ட் குழு 24 இளைஞர்களைக் குளிரூட்டிய அறையில் வைத்துப் பார்த்தபோது 23 பேரிடம் தென்பட்டது. குளிர் இருந்தால் தெரிகிறது; இல்லையென்றால் பெரும்பாலும் மறைந்துகொள்கிறது. மனித உடலியலில் அழகான கண்டுபிடிப்புகளுள் ஒன்று இது. அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அந்த ஸ்கேன் எதைக் காட்டுகிறது? எஃப்டிஜி என்னும், கதிரியக்கக் குறியிடப்பட்ட போலிக் குளுக்கோஸை ஊசி வழியே செலுத்துகிறார்கள். குளுக்கோஸை நாடும் செல்கள் அதையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. முதற்படியைத் தாண்டிய பின் அது அடுத்த படிக்குப் போக முடியாமல் செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. சிக்கிக்கொள்வதால்தான் படத்தில் ஒளிர்கிறது. கவனியுங்கள்: அந்தப் போலிச் சர்க்கரை எரிவதே இல்லை! ஆய்வேடு ‘உள்ளெடுப்பு’ என்று எழுதுகிறது. பத்திரிகைக் குறிப்பு ‘பயன்படுத்துகிறது’ என்கிறது. நம் கட்டுரை ‘எரிக்கிறது’ என்கிறது. பெரியப்பாவின் கைப்பேசிக்கு வரும்போது ‘சர்க்கரை நோயை எரித்துவிடுகிறது’ என்றாகிவிடுகிறது. நான்கு வினைகள், மூன்று தாவல்கள். ஒவ்வொரு தாவலுக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். நாம் ஒரே அடிக்குறிப்பில் மூன்றையும் தாண்டுகிறோம்.

அடுத்தது அளவு. ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று பார்த்தால் குளிரில் தூண்டப்பட்ட பழுப்புக் கொழுப்பு மிகுந்த சர்க்கரையை உள்ளிழுப்பது உண்மை. ‘தசையைவிடப் பன்மடங்கு’ என்று நம் கட்டுரையாளர்கள் எழுதுவது அங்கிருந்து எடுத்ததுதான். ‘ஒரு கிராமுக்கு’ என்ற இரண்டு சொற்களை மட்டும் விட்டுவிட்டார்கள். வளர்ந்தவரிடம் இந்தத் திசு பெரும்பாலும் சில பத்துக் கிராம் முதல் சில நூறு கிராம் வரையே. தசையோ உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இன்சுலின் சுரந்த நிலையில் இரத்தச் சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசையே. 50 கிராம் பழுப்புக் கொழுப்பு முழுவீச்சில் இயங்கினால் ஒரு நாளின் ஆற்றல் செலவில் 20 விழுக்காடுவரை அதனுடையதாக இருக்கலாம் என்ற பழைய கணக்கு விலங்குகளிலிருந்து மனிதருக்கு நீட்டிப் போடப்பட்டது. மனிதரில் ஆக்ஸிஜன் பயன்பாட்டை நேரடியாக அளந்த பிற்கால ஆய்வுகள் சொல்வது ஒரு நாளைக்குச் சில பத்துக் கிலோகலோரிக்கு மிகாத மதிப்புகளை. ஒரு பிஸ்கட்டின் கணக்கு.

எலிகளைப் பற்றியும் ஒரு சொல். சுண்டெலிக்குக் குளிரும் வெம்மையும் இல்லாத இயல்பு வெப்பநிலை ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ். பெரும்பாலான ஆய்வகங்களோ நமக்கு வசதியான 20 முதல் 22 டிகிரியில் அவற்றை வைத்திருக்கின்றன. அதாவது அந்த எலிகள் இரவும் பகலும் குளிரோடு போராடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் பழுப்புக் கொழுப்பு ஓயாமல் உழைக்கிறது. அங்கே கண்ட பெருவிளைவை, சட்டை போட்டுக்கொண்டு மின்விசிறியின் கீழ் உறங்கும் மனிதருக்கு அப்படியே எடுத்து வைப்பது முறையா?

இனி நீரிழிவு நோயாளிகளையே வைத்துச் செய்த ஆய்வுகளுக்கு வருகிறேன். பெரியப்பாவுக்கு வந்த கட்டுரையின் உச்சச் சான்று 2015இல் ‘நேச்சர் மெடிசின்’ வெளியிட்ட மாஸ்திரிக்ட் ஆய்வு. இரண்டாம் வகை நீரிழிவு கொண்டவர்கள் 10 நாள்கள், நாளுக்கு 6 மணி நேரம்வரை, 14 முதல் 15 டிகிரிக் குளிரில் இருந்தார்கள். இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் திறன் சராசரியாக 43 விழுக்காடு உயர்ந்தது. கட்டுரை அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் தந்திருந்தது. அது தராதவை இரண்டு. ஒன்று, பங்கேற்றவர்கள் 8 பேர். மற்றொன்று, இந்த முன்னேற்றத்தைப் பழுப்புக் கொழுப்பு விளக்கவில்லை என்று ஆய்வாளர்களே எழுதியிருப்பது. பழுப்புக் கொழுப்பில் நேர்ந்த மாற்றம் சிறிது. மாற்றம் பெரிதும் நிகழ்ந்தது தசையில். சர்க்கரையைச் செல்லுக்குள் அனுமதிக்கும் குளுட்4 என்னும் கடத்திப் புரதம் தசைச் செல்லின் வாசலுக்கு நகர்ந்திருந்தது. பழுப்புக் கொழுப்பின் பெருமைக்குச் சான்றாகக் காட்டப்படும் ஆய்வு, தசையின் பெருமையைச் சொல்லும் ஆய்வு!

கதை அதோடு முடியவில்லை. அதே மாஸ்திரிக்டிலிருந்து 2021இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் மற்றோர் ஆய்வு வந்தது. இம்முறை நடுக்கம் வராதபடி 16 முதல் 17 டிகிரியில் மிதமான குளிர். அதே 10 நாள்கள். இன்சுலின் உணர்திறனில் முன்னேற்றம் இல்லை. நடுக்கம், அதாவது தசையின் சுருக்கம், இல்லாமல் பலனும் இல்லை என்ற திசையை இது காட்டுகிறது. தசையைச் சுருக்க ஐஸ் கட்டி தேவையில்லை; நடந்தாலே சுருங்கும். இந்த இரண்டாம் ஆய்வை நம் தமிழ்க் கட்டுரைகள் எதிலும் நான் காணவில்லை. எதிர்மறை முடிவுகளுக்கு நம்மிடையே மொழிபெயர்ப்பாளர்கள் கிடைப்பதில்லைபோலும்.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2014இல் டெக்சாஸ் குழு ஒன்று, பழுப்புக் கொழுப்பு தென்படும் ஆண்களுக்குச் சில மணி நேரக் குளிரில் இன்சுலின் உணர்திறன் கூடியதையும், அது தென்படாதவர்களுக்குக் கூடாததையும் காட்டியது. சிறு ஆய்வு, ஆனால் கருதத்தக்கது. 2021இல் நியூயார்க் குழு, ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் 52,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் ஸ்கேன்களை ஆராய்ந்தது. ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் பழுப்புக் கொழுப்பு தென்பட்டது. அவர்களிடையே இரண்டாம் வகை நீரிழிவு மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதியே. இது புறந்தள்ளக்கூடிய செய்தியன்று. ஆனால் அம்பு எந்தத் திசையில் பாய்கிறது? 2015இல் கனடாவின் ஷெர்புரூக் குழு காட்டியது இது: நீரிழிவு கொண்டவரின் பழுப்புக் கொழுப்பு குறைவான சர்க்கரையை உள்ளிழுக்கிறது, ஆனால் கொழுப்பு அமிலங்களைப் பயன்படுத்துவதிலும் வெப்பம் தருவதிலும் அதற்குக் குறையில்லை. அப்படியானால், நீரிழிவாளரிடம் பழுப்புக் கொழுப்பு ‘இல்லை’ என்று ஸ்கேன் சொல்லும்போது, இல்லாதது திசுவா, அந்தத் திசுவின் சர்க்கரை நாட்டமா? நோயே குறியீட்டை அழிக்கிறது என்றால், குறியீடு அழிந்ததை நோயின் காரணமாகக் காட்டுவது வட்டத்தில் நடப்பது.

இன்னொரு வாதம் நம் கருத்தரங்குகளில் பரவுகிறது: ‘இந்தியர்களுக்குப் பழுப்புக் கொழுப்பு குறைவு, அதனால்தான் நமக்கு நீரிழிவு மிகுதி.’ இதன் வேர் 2014இல் லெய்டன் குழு வெளியிட்ட ஆய்வு. நெதர்லாந்தில் வாழும் தெற்காசிய மரபினர் 12 பேரிடம், ஐரோப்பிய மரபினர் 12 பேரைவிடப் பழுப்புக் கொழுப்பின் கன அளவு 34 விழுக்காடு குறைவாக இருந்தது. அதற்கு முந்திய ஆண்டில், அதே நாட்டின் ஆம்ஸ்டர்டாம் குழு இதே வகை ஒப்பீட்டில் குளிர் தூண்டிய செயல்பாட்டில் வேறுபாட்டைக் காணவில்லை. முதலாவதை மேற்கோள் காட்டுகிறோம், இரண்டாவதைப் படிப்பதில்லை. 12 பேரின் கழுத்திலிருந்து 140 கோடிப் பேரின் விதியை வாசிக்கிறோம்.

2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர்–இந்தியாப் ஆய்வு, நாட்டின் வளர்ந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 10.1 கோடிப் பேருக்கு, நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. புணேயின் சி. எஸ். யாஜ்னிக் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது, இந்தியக் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும்போதே ஒப்பளவில் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் பிறக்கிறது என்பது. அந்தச் சொல்லாடலின் மையத்தில் தாயின் ஊட்டம் இருக்கிறது, வறுமை இருக்கிறது, தலைமுறைகள் இருக்கின்றன. ‘பழுப்புக் கொழுப்புக் குறைபாடு’ என்ற விளக்கம் இவற்றையெல்லாம் துடைத்துவிட்டு, குற்றத்தை நம் தோள்பட்டைக்குள் வைத்துத் தைத்துவிடுகிறது. தீர்வாக ஒரு வாளி ஐஸைக் கையில் கொடுக்கிறது.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். ‘நல்ல கொழுப்பு’ என்ற தொடர் தமிழில் ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. இரத்தப் பரிசோதனைத் தாளில் அது எச்டிஎல்லைக் குறிக்கிறது. உணவுக் குறிப்புகளில் கடலை, மீன், எண்ணெய் வகைகளிலுள்ள கொழுப்பைக் குறிக்கிறது. இரத்தத்தில் மிதக்கும் துகள், தட்டிலுள்ள உணவு, கழுத்திலுள்ள திசு ஆகிய மூன்றையும் ஒரே பெயரில் அழைத்தால், வாசகர் அவற்றைக் கலக்காமல் வேறென்ன செய்வார்? தன் பரிசோதனைத் தாளில் எச்டிஎல் கூடியிருந்ததைப் பார்த்து, ‘பழுப்பு ஏறியிருக்கு’ என்று பெரியப்பா மகிழ்ந்தார். அவர் முட்டாள் அல்லர். நாம் கொடுத்த சொல்லைச் சரியாகவே பயன்படுத்தினார்.

‘நல்ல’ என்ற அடைமொழியில் இன்னொரு நஞ்சும் உண்டு. தமிழில் கொழுப்பு என்பது திமிருக்கும் பெயர். உடல் பருத்தவரை ஏற்கெனவே ஒழுக்கக் குறைவுள்ளவராகப் பார்க்கும் மொழிக்குள், நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு என்று பிரிப்பது உடற்கூற்றியல் பாடமாக நிற்காது, தீர்ப்பாக மாறும். குளிர்நீரில் நிற்கத் துணிந்தவர் நல்லவர். நிற்காதவர் நோயைத் தேடிக்கொண்டவர்.

‘எரித்தல்’ என்ற வினைக்கோ ஒரு வரலாறே இருக்கிறது. புரோட்டான் மதகைத் திறந்து ஆற்றலை வெப்பமாக வீணாக்கும் வேலையை ஒரு வேதிப்பொருளும் செய்யும்: டைநைட்ரோஃபீனால். 1933இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதை எடைக் குறைப்புக்கு முன்வைத்தார்கள். கொழுப்பு உண்மையிலேயே ‘எரிந்தது’. பழுப்புச் செல்லில் மட்டுமல்ல, எல்லாச் செல்களிலும். கண்புரை வந்தது, உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறிச் சிலர் இறந்தார்கள். 1938இல் அமெரிக்காவின் புதிய மருந்துச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆயினும் ‘கொழுப்பு எரிப்பான்’ என்ற பெயரோடு அது கள்ளச் சந்தையில் இன்றும் உயிரோடிருக்கிறது. இளைஞர்கள் இன்றும் இறக்கிறார்கள். எரிப்பது தன்னளவில் நன்மை என்று ஒரு மொழி நம்பத் தொடங்கினால், எதை, எங்கே, எவ்வளவு என்ற கேள்விகள் அதில் எழுவதில்லை.

உதவிப் பேராசிரியருக்குத் திருத்தம் கேட்டு எழுதினேன். பணிவாகவே எழுதினேன். வந்த விடை: ‘மக்களுக்கு எளிமையாகச் சொல்ல வேண்டாமா? நுணுக்கமெல்லாம் ஆய்வேட்டுக்கு. மேலும், குளிர்நீரால் யாருக்கு என்ன கெடுதல்?’

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை. உணர்வு மங்கிய பாதத்தை ஐஸ் நீரில் வைத்தால், தோல் புண்படுவது அந்த மனிதருக்குத் தெரியாது. நீரிழிவுப் பாதத்தில் ஒரு சிறு புண் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அரசு மருத்துவமனையின் அறுவைப் பிரிவு வாசலில் ஒரு நாள் நின்று பாருங்கள். திடீர்க் குளிர் இரத்த அழுத்தத்தை ஏற்றும். இதயத்துக்குச் சுமை தரும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாத்திரை பாதியாகக் குறையும். மெட்ஃபார்மினுக்குப் பல்லாயிரம் நோயாளிகளின் சான்று பின்னால் இருக்கிறது. வாளிக்கு அது இல்லை. ஆய்வகத்தில் நாளுக்கு 6 மணி நேரம் கண்காணிப்போடு குளிரில் இருந்த 8 பேருக்கும், முற்றத்தில் அரை மணி நேரம் வாளியில் காலை வைத்திருந்த பெரியப்பாவுக்கும் இடையே ‘குளிர்’ என்ற சொல்லைத் தவிரப் பொதுவாக எதுவுமில்லை.

முதல் கேள்விக்கு: ஆம், எளிமையாகத்தான் சொல்ல வேண்டும். ‘பழுப்புக் கொழுப்பு குளிரில் உடலைச் சூடாக்கும் திசு. அது கொஞ்சம் சர்க்கரையையும் எடுத்துக்கொள்கிறது. அதனால் நீரிழிவு குறையுமா என்று இன்னும் ஆராய்கிறார்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள், தினமும் நடங்கள்.’ நான்கே தொடர்கள். இதில் எந்த நுணுக்கம் வாசகருக்கு எட்டாது? எளிமை என்ற பெயரில் நாம் வெட்டியெறிந்தது நுணுக்கத்தை அன்று, ஐயத்தை. ஐயத்தோடு வரும் செய்தி பகிரப்படாது என்று நமக்குத் தெரியும்.

ஆகவே ஆய்வுலக நண்பர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். ‘நல்ல’ என்ற அடைமொழியை இந்தத் திசுவிலிருந்து எடுத்துவிடுங்கள். பழுப்புக் கொழுப்பு என்ற பெயரே போதும். மனித ஆய்வை மேற்கோள் காட்டும்போது எத்தனை பேர் என்பதை அதே வரியில் எழுதுங்கள். எட்டுப் பேர் என்று எழுத வெட்கமாக இருந்தால், ‘நிரூபித்துள்ளது’ என்று எழுதவும் வெட்கப்படுங்கள். ஆய்வேடு ‘உள்ளெடுத்தது’ என்றால் நீங்களும் ‘உள்ளெடுத்தது’ என்றே எழுதுங்கள். ‘எரித்தது’ என்று எழுத வேண்டுமானால், எரிந்ததை அளந்த ஆய்வைக் காட்டுங்கள்.

பெரியப்பா வாளியைக் கவிழ்த்துவிட்டார். மாத்திரையை முழுதாகப் போடுகிறார். ஆனால் என்னிடம் ஒன்று கேட்டார்: ‘அப்ப அந்தப் புரொபசர் பொய் சொல்லுறாரா?’ இல்லை என்று சொல்லவும் முடியவில்லை, ஆம் என்று சொல்லவும் முடியவில்லை. அந்தக் கேள்வியை இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.